சில்வியாவின் இடது கால்

சில்வியாவின் இடது காலை அவள் அம்மாவையும் ஒரு டாக்டரையும் தவிர வேறு யாரும் பார்த்துச் சில வருஷங்கள் ஆகின்றன. ராயபுரத்தில் ஒரு பெண்பிள்ளை ஒரு காலை இப்படிப் பத்திரமாக ஒளித்து வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உடுப்பைத் தூக்கிச் செருகாமல் குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க முடியாது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். இத்தனையையும் தாண்டி அவள் அந்தக் காலை மறைத்தே வைத்திருந்தாள். வீட்டிலும் பேண்ட், தூங்கும்போதும் பேண்ட். வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்திலும் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தாள். ஆசைப்பட்டு வாங்கிய கொலுசு பீரோவுக்குள் போய்விட்டது.

அவளுக்கு இருபத்தாறு வயது. தபால் வழியில் பி.காம். முடித்துவிட்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையில் போய் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி சட்டத்துக்கு மரியாதை கொடுத்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். அவற்றின்மேல் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்தன. எந்தப் பெண்ணாவது மறந்துபோய் உட்கார்ந்துவிட்டால் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை பேச மாட்டார். பக்கத்தில் வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு நிற்பதே மேல் என்று எல்லோரும் நின்றார்கள்.

நின்று நின்றுதான் அது வந்தது. முதலில் கெண்டைக்காலில் பச்சையாக ஒரு கோடு. எங்கேயோ இடித்துக்கொண்டோம் என்று நினைத்தாள். கோடு தடித்து, வளைந்து, முழங்காலுக்குப் பின்னாலிருந்து கணுக்கால்வரை புடைத்துக்கொண்டு இறங்கியது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்தது. மண்புழு சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் குளிக்கும்போது அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தன் காலைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை. கடையில் புடவை சீருடை. அதைத் தரையில் புரள இறக்கிக் கட்டினாள். "கடையக் கூட்டுறதுக்கு வேற ஆள் இருக்கும்மா" என்று சூப்பர்வைசர் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். கூட வேலை செய்யும் ஆஃபியா தன் பிறந்தநாளுக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். எல்லோரும் அலையில் குதிக்க, சில்வியா மட்டும் மணலில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருந்தாள்.

வீக்கம் அதிகமானபோது அவள் அம்மா அமலோற்பவம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா காலைத் தடவிப் பார்த்து, "வெரிகோஸ் வெயின். நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கு. நின்னே வேலை செய்யறவங்களுக்கு வர்றதுதான்" என்றார். இறுக்கமான நீளக் காலுறை எழுதிக் கொடுத்தார். படுக்கும்போது காலை உயரமாக வைக்கச் சொன்னார். நடுவில் நடுவில் உட்காரச் சொன்னார். குறையாவிட்டால் லேசர் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அமலோற்பவம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வெளிய தெரியாம இருக்குமா டாக்டர்?"

அமலோற்பவத்தைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. ஹார்பரில் சுமை தூக்கி முதுகு போன புருஷன், கல்யாண வயதில் ஒரே பெண். பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் மகள் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து பார்ப்பாள். "தெரியுதாம்மா?" என்பாள் சில்வியா. "நடந்து காட்டு. தெர்ல, தெர்ல. போ" என்பாள் அமலோற்பவம். இருவருக்கும் அதுதான் காலை ஜெபமாக இருந்தது.

ஆனால் எந்த ரகசியத்தையும் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருக்க அமலோற்பவத்தால் முடியாது. தெரு அன்பியத்தின் தலைவி வியாகுலம்மாளிடம் சொன்னாள். அன்பியம் என்பது அந்தத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களெல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் குழு. வியாகுலம்மாள் நல்ல மனுஷி. யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதலில் வந்து நிற்பாள், கடைசியில்தான் போவாள். காலைப் பற்றிச் சொல்லக் கூசிய அமலோற்பவம், "பாப்பாக்கு நரம்புல கோளாறுக்கா. சுருட்டிகினு கீதாம். வேண்டிக்கோ, வெளிய சொல்லாத" என்றாள்.

நம் பாஷையில் இது ஒரு பெரிய தொல்லை. ரத்தம் ஓடுவதும் நரம்புதான், பயத்தில் கை நடுங்கினாலும் நரம்புதான். ஊசி போடும் நர்ஸ் தேடுவதும் நரம்பு, வீணையில் கட்டுவதும் நரம்பு. அமலோற்பவம் ஒரு நரம்பைச் சொன்னாள், வியாகுலம்மாள் வேறொரு நரம்பை வாங்கிக்கொண்டாள். வெளியேயும் அவள் சொல்லவில்லை. ஆண்டவரிடம்தான் சொன்னாள். அடுத்த வாரக் கூட்டத்தில், இருபது வீட்டுப் பெண்கள் முழங்காலில் நிற்க, "நரம்பு வியாதியால் அவதிப்படும் எங்கள் மகள் சில்வியாவுக்குப் பூரண சுகம் தர வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று உருகி வேண்டினாள். மனசு ஆறாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதே வேண்டுதலை எழுதிக் கொடுத்துவிட்டாள். கோயில் ஒலிபெருக்கி அதை மூன்று தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தது.

பூசையில் இருந்த அமலோற்பவத்துக்கு முதலில் பகீரென்றது. பிறகு நிம்மதியாகிவிட்டது. "நல்லவேள, கால்னு சொல்லல" என்று வீட்டுக்கு வந்து மகளிடம் சந்தோஷமாகச் சொன்னாள். சில்வியாவுக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

எண்ணூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. மேத்யூ என்று பெயர், கன்டெய்னர் யார்டில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவன் ஓயாமல் பேசினான், பஜ்ஜியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சில்வியாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. மறுவாரம் தட்டு மாற்ற வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியில் நடுவில் நின்ற தரகர்தான் வாயைத் திறந்தார்: "உங்க பொண்ணுக்கு கை கால் இழுத்துக்குமாமே? பூசையிலயே வேண்டிகினீங்களாமே? முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா."

அமலோற்பவம் ஆடிப்போனாள். இல்லை என்று சத்தியம் பண்ணினாள். "அப்ப வேற இன்னா நரம்பு?" என்று தரகர் கேட்டபோது அவள் பேச்சை மாற்றினாள். சொன்னால் காலைச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு சில்வியாவே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். பூசை முடிந்து வரும்போது கோயில் குழாயடி ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருப்பதற்குள் நாலைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி தலையைப் பிடித்தாள், ஒருத்தி காலைப் பிடித்தாள். "இரும்பு குடு, இரும்பு குடு!" என்று ஒரு குரல். வியாகுலம்மாள் தன் வீட்டுச் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கி அழுத்தினாள்.

"ஆன்ட்டி, வழுக்கிட்டேன்" என்றாள் சில்வியா.

"ஆமாங்கண்ணு, வழுக்கிட்ட. சாவிய வுட்டுடாத. கெட்டியா புட்ச்சிக்கோ."

சாவிக்கொத்தோடு தரையில் கிடந்தபடி அவள் அந்த முகங்களைப் பார்த்தாள். ஒன்றிலும் கெட்ட எண்ணம் இல்லை. அத்தனையிலும் பரிதாபம்தான். போன மாதத்திலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தால் ஏன் எல்லோரும் தன் கையையே பார்க்கிறார்கள் என்பதும், பஸ்ஸில் தெருக்காரப் பெண் ஏன் ஜன்னலோரம் விட்டுக்கொடுக்கிறாள் என்பதும் அவளுக்கு இப்போது விளங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவோடு ஒரு மூச்சு சண்டை போட்டாள்.

"கால காட்டிடலாம்மா. ஒரு தபா காட்டிட்டா முடிஞ்சிது."

"பைத்தியமாடி? இன்னிக்கி வலிப்புன்றாளுங்க, நாளிக்கே மறந்துருவாளுங்க. கால பாத்துட்டா ஆயுசுக்கும் மறக்க மாட்டாளுங்க."

சில்வியாவும் அப்படித்தான் நினைத்தாள். இல்லாத வியாதியைச் சுமப்பதா, இருக்கிற காலைக் காட்டுவதா என்று யோசித்தால், இல்லாத வியாதியே தேவலை என்றுதான் அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்து அவளுக்கே தன்மேல் ஆத்திரமாக வந்தது.

இந்த நேரத்தில்தான் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வந்தது. இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, அன்று மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் உட்காருவார்கள், இப்போது பெண்களும் உண்டு. அந்தக் கோயிலில் அன்பியத்துக்கு ஒருவர் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். சில்வியாவின் பெயர் வந்தது. வியாகுலம்மாளுக்கு ஆனந்தக் கண்ணீர்.

"ஆண்டவரே பேர் சொல்லிக் கூப்புட்றாரு. போய் குந்து கண்ணு. நரம்பெல்லாம் நேராயிடும்."

சில்வியா மாட்டேன் என்றாள். கோயில் நிறைய ஜனத்துக்கு முன்னால் காலை நீட்டுவதா? அதுவும் உள்ளே இடமில்லாதவர்களுக்காக வாசலில் பெரிய திரை கட்டி நேரடியாகக் காட்டுகிறார்கள். ஆனால் போகாவிட்டால் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று அடுத்த கதை கிளம்பும் என்று அமலோற்பவம் பயந்தாள். வழி சொன்னவர் கோயில் காரியங்களில் சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார்தான். ஒத்திகைக்குக் கூப்பிட்டு, "எல்லாரும் வலது கால் மட்டும் நீட்டுங்க. இடது கால் செருப்போடயே இருக்கலாம்" என்றார்.

அமலோற்பவம் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தியா? வலது காலுடி! ஆண்டவர் நம்ம கட்சி."

வியாழக்கிழமை சில்வியா கடைக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளைச் சுடிதாரும் அகலமான பேண்டும் போட்டுக்கொண்டாள். அம்மா வழக்கம்போல் பின்னால் குனிந்து பார்த்துத் தெரியவில்லை என்றாள். கிளம்பும் நேரத்தில் சில்வியா மறுபடி உள்ளே போய் இடது காலின் இறுக்கக் காலுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். ஏன் கழற்றினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய வலது காலும் பளபளவென்று இருந்தது. வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் அடித்துக் கொண்டுவந்த கால்களைத்தான் வருஷா வருஷம் சாமியார் கழுவுகிறார். அழுக்குக் காலோடு அங்கே போய் உட்கார யாருக்கும் துணிச்சல் கிடையாது. சில்வியாவின் பக்கத்தில் காசிமேட்டு மீன் ஏலக்காரர் ஒருவர் தன் பாதத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

பங்குச் சாமியார் ஸ்டானிஸ்லாஸ், மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலிக்கு முன்னால் முழந்தாளிட்டார். பாடகர் குழு மெல்லப் பாடியது. அப்போதுதான் சில்வியாவின் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். வியாகுலம்மாள் முன் வரிசைக்கு மாறி வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சாவிக்கொத்து. பயப்படாதே, நான் இருக்கிறேன் என்பதுபோல் தலையாட்டினாள்.

சில்வியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இனி எங்கே போனாலும் இந்தச் சாவிக்கொத்து பின்னாலேயே வரும் என்று நினைத்தாள். இந்த அம்மாளைத் திட்டவும் முடியாது, பாவம், பாசத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். காலை ஒளித்து வைத்ததனால்தான் ஆளாளுக்கு ஒரு வியாதியைக் கட்டிவிட்டார்கள். எத்தனை நாள் இப்படி? சாமியார் ஏலக்காரரின் காலைத் துடைத்து முத்தமிட்டு எழுந்தார்.

அவர் தன் முன்னால் வந்து குனிந்தபோது சில்வியா இடது செருப்பைக் கழற்றினாள். இடது பேண்டை முழங்கால்வரை சுருட்டினாள். காலை நீட்டினாள்.

தண்ணீர்ச் செம்பு பிடித்திருந்த உபதேசியார் பதறி, "வலது, வலது" என்று கிசுகிசுத்தார். காமிராப் பையன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். வாசல் திரையில் சில்வியாவின் கெண்டைக்கால் ஓர் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. பச்சையும் நீலமுமாகப் புடைத்து, முறுக்கி, கணுக்காலில் கறுத்து. வெளியிலிருந்து "அய்யய்யே" என்று ஒரு பெண்குரல் கேட்டது. சில்வியாவின் காது சூடானது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சாமியார் தண்ணீரை ஊற்றவில்லை. அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குதிகாலுக்கு அடியில் கையைக் கொடுத்து, கனமான பொருளை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டார். அப்புறம் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"வலிக்குதாம்மா?"

அவர் கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த மைக் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டது. கோயிலின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் வாசல் ஒலிபெருக்கியிலும் "வலிக்குதாம்மா?" என்று கேட்டது. பாட்டு நின்றுபோனது.

சில்வியா கண்ணைத் திறந்தாள். தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்கள், மறைகிறதா என்று கேட்டிருக்கிறார்கள், கை கால் இழுக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை. அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"வலிக்குது ஃபாதர்" என்றாள். அதுவும் ஒலிபெருக்கியில் வந்தது. தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாலும் அவளால் நிறுத்த முடியவில்லை. "காலைலேந்து நின்னுகினே கீறேன் இல்ல. சாயங்காலம் ஆச்சின்னா கல்லு கட்டினாப்பல கீது. ராத்திரில தூங்க முடியல ஃபாதர். ரொம்ப வலிக்குது."

சாமியார் பெரிய வார்த்தை எதையும் தேடாமல், தண்ணீரை மெல்ல ஊற்றினார். புடைத்த இடத்தில் அழுத்தாமல் துண்டை ஒற்றி ஒற்றித் துடைத்தார். பிறகு குனிந்து பாதத்தை முத்தமிட்டார். பின்னால் வியாகுலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம், "ரத்த நரம்புடி! பாவி நான் இன்னாத்தயோ வேண்டிகினேன்" என்று சொல்வது கேட்டது.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. அம்மாவும் மகளும் மெயின் ரோட்டில் நடந்தார்கள். சில்வியா பேண்டை இறக்கிவிட மறந்துபோயிருந்தாள். நினைவு வந்தபோதும் இறக்கவில்லை. எதிரே வந்தவர்களில் சிலர் பார்த்தார்கள். பார்த்தால் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு நாளில் போகிற கூச்சமா அது? அமலோற்பவம் மீன் சந்தைத் திருப்பம்வரை விடுவிடுவென்று நடந்தாள். மகளைத் திட்டப்போகிறாள் என்றுதான் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"இவ்ளோ வலின்னு எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றாள் கடைசியில்.

சில்வியாவுக்குக் கோபமில்லை. இருப்பதைச் சொன்னாள்.

"நீ தெரியுதான்னு பாப்பம்மா. வலிக்குதான்னு கேட்டதே இல்லியே."

அமலோற்பவம் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான். அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், சாத்தியிருந்த ஒரு கடையின் படியைத் தன் முந்தானையால் தட்டினாள்.

"குந்துடி" என்றாள். "செத்த நேரம் குந்து. அப்பால போலாம்."